கொள்ளிடத்தின் வடகரை – 17: கிட்டியும் வாக்குமூலமும்

சென்ற பகுதியில், 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 150 பேர் வரையில் மாண்டதையும், அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததையும் பார்த்தோம். பச்சைமலைப் பக்கத்தில் உற்பத்தியாகி, பெரம்பலூர்ச் சீமையையும் அரியலூர்ச் சீமையையும் கடந்து கொள்ளிடத்திற் போய்க் கலக்கும் அந்தச் சிற்றாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடப்பது. ஆயினும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறையும் அதன் பெயர் தேசமெங்கும் துக்கத்தோடு உச்சரிக்கப்படலாயிற்று. இம்முறை வருணன்மேல் பழி போட வழியில்லை. 1987 மார்ச் 15 அன்று மருதையாற்றுப் பாலத்தில் மனிதர்கள் வைத்த வெடியால் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் தடம்புரண்டு, 25 பேர் வரையில் உயிரிழந்தனர்.

செந்துறைக்கு அடுத்த பொன்பரப்பியிற் பிறந்து, பொறியியல் படிக்கப் போன இடத்தில் நக்சல்பாரி இயக்கத்தின் அழைப்பைக் கேட்டுப் படிப்பைத் துறந்து, பெண்ணாடம் புலவர் கலியபெருமாளோடு சேர்ந்து, சிறைவாசமும் அனுபவித்து வெளிவந்த தமிழரசன் என்பவரின் தலைமையில் இயங்கிய தமிழ்நாடு விடுதலைப் படையே இதைச் செய்தது என்பது அரசாங்கத்தின் வழக்கு. அவ்வியக்கத்தின் அனுதாபிகளும் வெடி வைத்ததை மறுப்பதில்லை. முன்கூட்டியே ரயில்வேக்குத் தகவல் சொல்லியும் வண்டியை நிறுத்தாமல் விட்டார்கள் என்றே வாதாடுவர். காவேரிக்காகவும் ஈழத் தமிழருக்காகவும் குரல் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள், அந்த வண்டியில் உறங்கிக்கொண்டும் விழித்துக்கொண்டும் வந்த தமிழர்களின் உயிரை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத காரியம்.

அதன் பின் என்ன நடக்கும் என்பதைக் கிராமத்தார் நன்கு அறிவர். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரங்களில் ஜீப் வந்து நின்றால், தேடப்படுகிறவன் அகப்படாதபோது அவன் தம்பியையும் மைத்துனனையும், அவனோடு ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தவனையும் 'விசாரணைக்கு' ஏற்றிக்கொண்டு போவது நம் நாட்டுப் போலீசாரின் பரம்பரை வழக்கம். ஸ்டேஷனில் வைத்துக் 'கவனிப்பது', 'லாடம் கட்டுவது' என்றெல்லாம் சொன்னால் இந்தச் சீமையில் எவரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். இதை நியாயப்படுத்துகிறவர்களின் வாதத்தையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பாலத்தில் குண்டு வைத்தவனைப் பிடித்தால் மடியில் வைத்துக் கொஞ்சுவதா, அடுத்த பாலம் எது என்று அவன் வாயிலிருந்து வரவழைக்காமல் அவன் உரிமைகளைப் பற்றி உபந்நியாசம் செய்வதா, சாட்சி சொல்ல எவனும் முன்வராத ஊரில் வேறு எவ்வகையில் உண்மையைக் கண்டுபிடிப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். மருதையாற்று மணலிற் கிடந்த பெட்டிகளை நினைத்துப் பார்க்கிற எவனுக்கும் இந்தக் கேள்விகள் நெஞ்சில் தைக்கும். ஆனால் இவை அப்போது புதிதாய் முளைத்தவை அல்ல. இவற்றுக்கு ஒரு விடையும் நம் மாகாணத்திலேயே ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சொல்வதற்கு நூற்று முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1854ஆம் ஆண்டு ஜூலையில், சென்னை ராஜதானியில் நிலவரி வசூலிப்பதற்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற பிரஸ்தாபம் லண்டன் பார்லிமெண்டில் எழுந்தது. அதற்குப் பின்னணியாக இருந்தது, காஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852இல் நிறுவிய சென்னை சுதேசிகள் சங்கத்தின் விண்ணப்பம். கும்பினியார் வேறு வழியின்றி எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட கமிஷனை நியமித்தனர். புகார் சொல்ல விரும்புவோர் சொல்லலாம் என்று விளம்பரம் செய்யப்பட்டதுதான் தாமதம், ரயிலும் மோட்டாரும் இல்லாத அந்நாளில் கால்நடையாகவே ஜனங்கள் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். கடிதம் மூலம் வந்த புகார்கள் 1,440. ஒரு மாட்டை விற்றால்தான் வழிச்செலவுக்கு ஆகும் என்ற நிலையிலிருந்த குடியானவன், தன் ஊர்த் தாசில்தாரின் கோபத்துக்கும் அஞ்சாமல் இவ்வளவு தூரம் வந்தான் என்றால், அவன் பட்டது எவ்வளவு இருக்கவேண்டும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அன்று திருச்சினாப்பள்ளி ஜில்லாவுக்குள் அடக்கம். கரிசலும் புன்செயுமான இந்தப் பிரதேசத்தில் மழை பொய்த்தால் கம்பும் சோளமும் பொய்க்கும். கிஸ்தி மட்டும் பொய்க்காது. அதை வசூலிக்கும் தாசில்தாரின் கையிலேயே 1816ஆம் வருஷத்து ரெகுலேஷன்படி போலீஸ் அதிகாரமும் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே வரி கொடாதவனைக் கட்டி வைப்பவரும், கட்டி வைத்தார்கள் என்ற புகாரை விசாரிக்க வேண்டியவரும் ஒருவரே. கமிஷன் பட்டியலிட்ட முறைகளில் முதன்மையானவை இரண்டு. இரண்டு கழிகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. தலையைக் குனியவைத்துக் கால் கட்டைவிரலோடு சேர்த்துத் துணியால் கட்டி, வெயிலிலே மணிக்கணக்காக நிறுத்துவது மற்றொன்று. இவை போதாவிட்டால் முதுகின்மேல் கல், கண்ணில் மிளகாய்ப்பொடி என்று வரிசை நீளும்.

இந்த அறிக்கை வெளிவந்த 1855ஆம் ஆண்டிலேதான் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் பிறந்தார், அவருடைய இளமை அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது என்பது தமிழன்பர்கள் அறிந்ததே. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் கோதண்டம், அண்ணாந்தாள் முதலிய தண்டனைகள் சர்வசாதாரணமாக வழங்கின. பாடம் ஒப்பிக்காத சிறுவனைக் கட்டித் தொங்கவிடுவதைத் தகப்பனே அங்கீகரிக்கும் சமூகத்தில், கிஸ்தி கட்டாதவனைக் கட்டிப்போடுவது ஒரு விபரீதமாகச் சேவகனுக்குத் தோன்றியிருக்காது. கமிஷனர்களோ தங்கள் இனத்தவர்மேல் பழி விழாதபடி பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் எவரும் இதற்கு உடந்தை அல்லர், எல்லாம் சுதேசிச் சிப்பந்திகளின் செய்கையே என்று எழுதிவிட்டார்கள். வசூல் குறைந்தால் கலெக்டரின் கேள்வி தாசில்தாரையும், தாசில்தாரின் கேள்வி சேவகனையும் எட்டுகிற ஏற்பாட்டை அமைத்தவர் யார் என்பதை அவர்கள் விசாரிக்கவில்லை. லண்டனில் அகதியாக இருந்த கார்ல் மார்க்ஸ், இந்தியக் கலகத்தாரின் குரூரங்களைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் அலறிக்கொண்டிருந்த 1857 செப்டம்பரில், இதே சென்னை அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கட்டுரையில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எப்படியாயினும் அறிக்கைக்குப் பலன் கிடைத்தது. 1859இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்து போலீசும் ரெவினியூவும் பிரிக்கப்பட்டன. 1861ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டம், போலீஸ் உத்தியோகஸ்தரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று விதித்தது. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இயற்றிய சாட்சியச் சட்டத்தில் அது 25, 26ஆம் பிரிவுகளாக நிலைபெற்றது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இவ்வளவு கடுமையான விதி கிடையாது. இங்கிலாந்திலேயே போலீஸ்காரனிடம் சொன்னது, தானாகச் சொன்னதென்று காட்டினால், செல்லும். ஸ்டீபன் இளகிய மனம் படைத்தவர் என்று அவருடைய சத்துருக்கள்கூடச் சொன்னதில்லை. அவரைக் கட்டுப்படுத்தியது அனுபவம். வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைக் காட்டிலும் நிழலில் உட்கார்ந்து எவனோ ஒரு பாவியின் கண்ணில் மிளகாய்ப்பொடி தடவுவது சுகமானது என்று இந்திய உத்தியோகஸ்தர் ஒருவர் தமக்கு விளக்கியதாக அவரே பிற்காலத்தில் பதிந்திருக்கிறார். அடி கொடுத்து வாங்கும் வாக்குமூலம் துப்புத்துலக்கும் வித்தையையே மறக்கடித்துவிடும் என்ற இந்த லௌகிக நியாயந்தான் அச்சட்டத்துக்கு அஸ்திவாரம்.

இந்த நியாயம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததும் அன்று. கௌடில்யர் தம் அர்த்தசாஸ்திரத்தில் சந்தேக நபர்களை வதைத்து விசாரிக்கும் முறைகளை ஒளிவுமறைவின்றி வகுத்துரைப்பவர். கருணையுள்ளவர் என்று அவரையும் எவரும் குற்றஞ்சாட்டமாட்டார்கள். ஆயினும் அந்த அத்தியாயத்திலேயே அவர் ஆணி மாண்டவ்யரை நினைத்துக்கொள்கிறார். கள்வரல்லாத அந்த முனிவர், வதையின் வேதனைக்கு அஞ்சித் தாமே கள்வரென்று ஒப்புக்கொண்டாராம். ஆகையால் சாட்சியம் பூர்த்தியான பின்னரே தண்டனை என்கிறார் கௌடில்யர்.

1872ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருந்தது. கைதி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைப் பற்றிய அளவுக்கு மட்டும் அவன் சொன்னது செல்லும் என்கிறது 27ஆம் பிரிவு. கத்தி எங்கே, நகை எங்கே, துப்பாக்கி எங்கே என்று போலீசார் கேட்டுக் கேட்டு அடிப்பதற்கு இந்தப் பிரிவு அளித்த உற்சாகத்தைக் கீழ்க்கோர்ட்டு வக்கீல் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனாலும் பெரிய கதவு மூடியே இருந்தது. சுதந்திரம் வந்தது, அரசியல் சாசனம் வந்தது, அதன் 20ஆம் ஷரத்து எவனும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி நிர்ப்பந்திக்கப்படலாகாது என்றது. நாட்டில் எத்தனையோ கொலைகளும் கலகங்களும் நடந்தும் அந்தக் கதவைத் திறக்க எவரும் துணியவில்லை.

திறந்தது 1987. மருதையாற்றில் குண்டு வெடித்தபோது நடைமுறையிலிருந்த 1985ஆம் வருஷத்துத் தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வாக்குமூலத்தைப் பற்றிய புது விதி ஏதும் இல்லை. அதற்குப் பதிலாக வந்த 1987ஆம் வருஷத்துச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, போலீஸ் சூப்பிரண்டண்டு பதவிக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகும் என்று கூறிற்று. அதற்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்த நாள் செப்டம்பர் 3. அதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 1 அன்று, பொன்பரப்பியில் பாங்கிக் கொள்ளைக்கு வந்த தமிழரசனும் தோழர்களும், ஊராரால் சூழப்பட்டுக் கல்லாலும் கழியாலும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கூட்டத்தில் மாறுவேடப் போலீசார் இருந்து தூண்டினார்கள் என்பது அவரைச் சேர்ந்தவர்களின் தீராத குற்றச்சாட்டு. மருதையாற்று வழக்கின் முதன்மைப் புருஷன், எந்த நியாயஸ்தலத்திலும் எந்த வாக்குமூலமும் கொடாமலே, தான் பிறந்த ஊரின் தெருவிலேயே முடிந்துபோனான். சாதி ஒழிப்பைப் பற்றி 1985இல் மீன்சுருட்டியில் மாநாடு கூட்டியவனை அவன் சொந்த ஊர் ஜனங்களே கொள்ளைக்காரன் என்று அடித்துக் கொன்றதன் அவலத்தை நாவலாசிரியர்கள்தான் எழுதவேண்டும்.

புதுப் பிரிவு செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கர்த்தார் சிங் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 1994 மார்ச் 11 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 15ஆம் பிரிவு செல்லும் என்றவர்கள் மூவர், செல்லாது என்றவர்கள் இருவர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் திருநெல்வேலிச் சீமைக்காரரான எஸ். ரத்தினவேல் பாண்டியன். போலீசாரின் மூன்றாந்தர முறைகளைப் பற்றித் தமக்குள்ள வருத்தத்தை வெளியிட்டுக்கொண்டே, பிரிவைக் காப்பாற்றி, வாக்குமூலம் பதியப்படவேண்டிய சூழ்நிலை, பாஷை, மாஜிஸ்திரேட்டு முன் ஆஜர்படுத்த வேண்டிய அவசரம் முதலியவற்றுக்கு நிபந்தனைகள் விதித்தார் அவர். கே. ராமசாமியும் ஆர்.எம். சஹாயும் ஒப்பவில்லை. பதவி உயர்வினால் மட்டும் போலீஸ்காரனின் சுபாவம் மாறிவிடுமா என்ற கேள்விக்குச் சிறுபான்மையினர் பக்கமே நியாயம் இருந்ததாக என் அபிப்பிராயம். கிட்டியைக் கையாண்டவன் சேவகனே என்று 1855இல் எழுதினார்கள். அதே நம்பிக்கையில்தான் மேலதிகாரியின் பேனாவை 1987இல் நம்பினார்கள்.

அந்தப் பேனா எப்படி எழுதிற்று என்பதைத் தமிழ்நாடு பார்த்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் கூண்டில் நின்றவர்கள் 26 பேர். அவர்களுள் 17 பேர் தடா வாக்குமூலம் கொடுத்ததாகப் பதிவாயிற்று. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனிக்கோர்ட்டு 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, நால்வருக்கு மரண தண்டனையையும் மூவருக்கு ஆயுள் தண்டனையையும் கொடுத்தது. இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே அன்று என்று அத்தீர்ப்பு கண்டது. ஆயினும் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லும் என்று கொண்டது. அந்த நால்வருள் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த மத்தியப் புலனாய்வு அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013இல் பகிரங்கமாக ஒன்றைச் சொன்னார்: தாம் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாது என்று கைதி சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக. இவ்வழக்கில் அடி விழுந்ததா இல்லையா என்ற விவாதத்துக்கே போகவேண்டியதில்லை; கைதியின் வாய்க்கும் கோர்ட்டின் செவிக்கும் நடுவே ஒரு போலீஸ் அதிகாரி தன்னந்தனியாக உட்காரும்போது, ஒரு வாக்கியம் விடுபட்டாலே போதும். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார்.

இத்தனைக்கும் தடாவினால் கைதானவர்கள் தேசமெங்கும் 76,000 பேருக்கு மேல். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1995 மே மாதம் அச்சட்டம் காலாவதியாயிற்று. பின்னர் 2002இல் வந்து 2004இல் நீக்கப்பட்ட பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும் அதே விதியைச் சில பாதுகாப்புகளோடு வைத்திருந்தது.

தமிழரசனின் வழிவந்தவர்களின் கதை அதற்குள் சத்தியமங்கலம் காட்டோடு கலந்துவிட்டது. 2000 ஜூலை 30 அன்று சந்தன மரக் கடத்தல்காரன் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது தமிழ்நாடு விடுதலைப் படையினரும் உடனிருந்தனர். மைசூர்ச் சிறையிலிருந்த தடாக் கைதிகளை விடவேண்டும் என்பது கோரிக்கைகளுள் ஒன்று. அக்கைதிகள் பெரும்பாலும் வீரப்பனைக் கண்ணாலும் கண்டிராத மலைக்கிராமத்து ஏழைகள். அவனைத் தேடிய அதிரடிப்படை மாதேஸ்வரன் மலையில் நடத்திய விசாரணைக் கூடத்தைப் பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. அதன்மேல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு 2007இல் சிபாரிசாயிற்று. இவ்வளவு வதைத்தும் வீரப்பன் இருக்குமிடம் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. 2004இல் அவன் வீழ்ந்தது வேவுகாரர்களின் பொறுமையினால்.

வதையின் இந்தப் பலவீனம் நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. 2001 இறுதியில் பிடிபட்ட இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்பவன் எகிப்தில் வதைபட்டு, ஈராக் அரசாங்கம் அல்-காயிதாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று கேட்டவர்களின் மனம்போலச் சொல்லிவைத்தான். 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி காலின் பவெல் அதை ஐக்கிய நாடுகள் சபையில் எடுத்துரைத்தார். மறுமாதம் யுத்தம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு அவன் சொன்னதெல்லாம் பொய்யென்று மறுத்துக்கொண்டான். இன்னும் வெடிக்காத குண்டைக் கண்டுபிடிக்கத்தான் வதை என்று சொல்லப்படுகிறது. மருதையாற்றிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாக்குமூலம் தேடப்பட்டதெல்லாம் குண்டு வெடித்த பிறகு, யாரையாவது கூண்டில் ஏற்றவேண்டிய கட்டாயத்தில்தான்.

சித்திரவதைக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது; இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை. அதற்காக 2010இல் லோக்சபை நிறைவேற்றிய மசோதா ராஜ்யசபைக் கமிட்டிக்குப் போய்க் காலாவதியாயிற்று. 1872ஆம் வருஷத்து விதிகள் 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவாக, பழைய ஓட்டையோடு சேர்த்தே, நடைமுறையில் உள்ளன. பயங்கரவாதத்துக்கான மத்தியச் சட்டத்தில் போலீஸ் வாக்குமூலத்துக்கு இப்போது இடமில்லை; ஆனால் மகாராஷ்டிரத்தின் 1999ஆம் வருஷத்துச் சட்டத்திலும் குஜராத்தின் சட்டத்திலும் தடாவின் 15ஆம் பிரிவு வேறு எண்ணோடு உயிர்வாழ்கிறது.

அந்த மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் நடந்ததும் ஒரு ரயில் வழக்கே. 2006 ஜூலை 11 அன்று பம்பாய்ப் புறநகர் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்து 180க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2015இல் தனிக்கோர்ட்டு 12 பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், வாக்குமூலங்கள் வதையினால் வாங்கப்பட்டவை என்ற வாதத்தை ஏற்று, 12 பேரையும் விடுவித்தது. அவர்களுள் ஒருவர் அதற்குள் சிறையிலேயே இறந்துவிட்டிருந்தார். மூன்று நாட்களுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம், அத்தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்று நிறுத்திவைத்தது. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்பவேண்டியதில்லை என்றும் கூறிற்று.

(தொடரும்)